490ஆம் இடத்து அமினோ அமிலமும் ஒரு கல்யாணப் பேச்சும்

நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். வயது 26. ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒன்பது பக்கக் கடிதத்தின் சுருக்கம் இது.

அவருடைய தம்பிக்கு இப்போது 22 வயது. 13 வயது வரை மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் ஓடியாடித் திரிந்தார். பிறகு குதிகால் நிலத்தில் படாமல் முன்பாதத்தில் நடக்கத் தொடங்கினார். லயத்து வீட்டுக்கு ஏறும் 62 படிகளில் பாதியில் நின்றுவிடுவார். தரையில் உட்கார்ந்தால், இரு கைகளையும் தொடையில் ஊன்றி ஊன்றித்தான் எழும்புவார். 15 வயதில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. இரண்டும் உயர்ந்திருந்தன. ஈரல் பழுது என்று சொல்லப்பட்டது. இரண்டு வருடம் எண்ணெய் இல்லாத சோறு, கீழாநெல்லிச் சாறு. பிறகு கண்டியில் ஒரு நரம்பியல் வைத்தியர் சி.கே. (தசை உடையும்போது இரத்தத்தில் ஏறும் பொருள்) பரிசோதனை எழுதிக்கொடுத்தார். முடிவு 6,200. சாதாரணமாக அது ஏறக்குறைய 200க்குள்தான் இருக்க வேண்டும். சென்ற வருடம் மரபணுப் பரிசோதனை செய்ததில், சி.ஏ.பி.என்.3 என்ற பரம்பரையலகின் (மரபணுவின்) இரண்டு பிரதிகளிலும் ஒரே மாற்றம் தெரிந்தது. அது உண்டாக்கும் புரதத்தின் 490ஆம் இடத்தில் அர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும், குளுட்டமின் இருக்கிறது. நோயின் பெயர் இடுப்பு-தோள்வளையத் தசைச்சிதைவு, கல்பெயின் வகை.

பெற்றோர் சொந்தத்தில் மணந்தவர்கள். அம்மாவுக்கு அப்பா, அத்தை மகன். இப்போது வாசகிக்கும் அத்தை மகனையே பேசியிருக்கிறார்கள். இருவருக்கும் விருப்பம்தான். "நோய் உங்கள் அம்மா வீட்டிலிருந்து வந்தது" என்று அப்பாயி நாள்தோறும் சொல்லிக் காட்டுகிறார். அறிக்கையை அத்தை வீட்டுக்குக் காட்டுவதா, மறைப்பதா? எனக்கு சி.கே. சரியாக இருக்கிறது, அப்படியானால் எனக்குப் பயமில்லைதானே? ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதற்கா இத்தனை பாடு? ஹட்டன் கடையில் வாங்கிய புரத மாவும் நொதிய மாத்திரையும் உதவுமா? இவை அவருடைய கேள்விகள். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், பேனா மாற்றி எழுதிய இன்னொரு வரியும் இருக்கிறது: தம்பிக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டும், பிடுங்கலாமா?

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திப்போட்டது அந்தக் கீழாநெல்லி வரி. எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. என்றால் ஈரல் என்று படித்தவர்களும் நினைத்துவிடுகிறார்கள். அவை தசைக்குள்ளும் இருக்கின்றன. தசைநார் உடையும்போது இரத்தத்தில் கசிந்து ஏறும். ஈரலைக் காட்டும் ஜி.ஜி.டி. சாதாரணமாகவும், சி.கே. எக்கச்சக்கமாகவும் ஒருவரிடம் சேர்ந்து இருந்தால் ஈரலை விட்டுவிட்டுத் தசையைப் பார்க்க வேண்டும். ஒரு சிறுவன் தொடையில் கை ஊன்றி எழும்புவதைப் பார்த்தபிறகும் ஈரலையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தது பிழைதான், அதை நான் மழுப்பப் போவதில்லை. ஆனால் அந்த இரண்டு வருடத்தால் நோய் முற்றிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அன்றே பெயர் தெரிந்திருந்தாலும் நோயை நிறுத்தும் மருந்து இருக்கவில்லை. பறிபோனது எண்ணெயில் பொரித்த வடையும், குதிகாலை நீட்டும் பயிற்சியை முன்கூட்டியே தொடங்கும் வாய்ப்பும். இரண்டாவதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

நொதியம் என்றால் மாத்திரை அல்ல

உங்கள் அப்பா ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) ரோலர் அறையில் வேலை செய்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நொதியத்தின் வேலையை உங்கள் வீட்டில் அவர்தான் தினமும் கண்ணால் பார்க்கிறார். வாட்டிய கொழுந்து ரோலரில் நசுங்கியதும், இலைக்குள் தனித்தனியே இருந்த பொலிபீனோலும் அதை ஒக்சியேற்றும் நொதியமும் கலந்துவிடுகின்றன. பச்சை நிறம் செம்பாகிறது, வாசனை எழும்புகிறது. சரியான நேரத்தில் டிரையருக்குள் போட்டால் சூட்டில் நொதியம் உருக்குலைந்து அடங்கிவிடும். அங்கே அழிந்தது நொதியத்தின் வடிவம். நொதியம் என்பது ஒரு புரதம். அமினோ அமிலங்கள் மாலையாகக் கோக்கப்பட்டு, அந்த மாலை ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் மடிந்திருக்கும்வரைதான் அதற்கு வேலை. வடிவம் குலைவதற்குச் சூடுதான் வேண்டும் என்பதில்லை. மாலையில் ஒரு மணி மாறினாலும் சில இடங்களில் குலைந்துவிடும்.

சி.ஏ.பி.என்.3 உண்டாக்கும் கல்பெயின்-3 எலும்புத்தசைக்கு உரிய நொதியம். ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 1989இல் அதை விவரித்தார்கள். அதன் வேலை மற்றப் புரதங்களை வெட்டுவது. வெட்டுவது என்றதும் கெட்டது என்று நினைக்க வேண்டாம். கவ்வாத்துப் பண்ணாத தேயிலை மரமாகிக் கொழுந்து தராமல் போவதை அறிந்த ஊர்க்காரர் நாம். தசையும் அப்படித்தான். ஒவ்வொரு நாள் உழைப்பிலும் சிதைந்த பாகங்களை வெட்டி ஒதுக்கிப் புதியவற்றுக்கு இடம் விட வேண்டும். கல்பெயின்-3ஐ அந்தக் கவ்வாத்துக் கத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். கத்தி சும்மா திறந்து கிடப்பதும் ஆபத்து. அதனால் தசைக்குள் டைட்டின் என்ற மிகப் பெரிய புரதம் அதைப் பிடித்து வைத்திருக்கிறது, உறைபோல. கத்தி மழுங்கினாலும் நோய் வரும், உறையில் தங்காமல் போனாலும் வரும்.

இனி மாத்திரைக்கு வருவோம். வாயால் விழுங்கும் நொதியம் வயிற்றில் இறைச்சித் துண்டைப் போலவே செரிக்கப்பட்டு அமினோ அமிலங்களாகிவிடும். தசைநாருக்குள் முழுதாகப் போய்ச் சேராது. செரிமானத்துக்கு விற்கும் அந்த மாத்திரைக்கும் கல்பெயினுக்கும் நொதியம் என்ற பெயர்தான் பொது. புரத மாவும் அப்படியே. உங்கள் தம்பியின் உடலில் அர்ஜினினுக்குப் பஞ்சம் இல்லை. எந்த இடத்தில் எதைக் கோக்க வேண்டும் என்ற குறிப்பில்தான் பிழை. மூட்டை மூட்டையாக நூல் வாங்கிப் போட்டாலும் துணியின் பூவேலை மாறாது. அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். முட்டை, பருப்பு, நெத்தலி போதும்.

ஓர் அமினோ அமிலத்துக்கு இத்தனை பலமா?

இதைத்தான் நீங்கள் கொஞ்சம் கோபத்தோடு கேட்டிருந்தீர்கள், நியாயமான கோபம். கல்பெயின்-3 மாலையில் 821 மணிகள். ஒவ்வொரு மணிக்கும் டி.என்.ஏ.யில் மூன்று எழுத்து. உங்கள் தம்பிக்கு 490ஆம் மணிக்கான மூன்று எழுத்தில் நடு எழுத்து ஜீ (G) என்பதிலிருந்து ஏ (A) ஆகியிருக்கிறது. அதனால் அர்ஜினின் போய்க் குளுட்டமின் வந்துவிட்டது. அர்ஜினின் நேர் மின்னேற்றம் உள்ளது, குளுட்டமினில் மின்னேற்றம் இல்லை. மடிந்த புரதத்துக்குள் எதிரெதிர் மின்னேற்றங்கள் கைகோத்துத்தான் பல வளைவுகளைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு கை விட்டுவிட்டால் வளைவு தளரலாம்.

இதைவிட நுணுக்கமான உதாரணம் ஒன்று சொல்கிறேன். கல்பெயின்-3இன் வெட்டும் விளிம்பு 129ஆம் இடத்திலுள்ள சிஸ்டீன். ஆய்வுகூடத்தில் அதை வேண்டுமென்றே செரீனாக மாற்றிப் பார்த்தார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் ஓர் அணு, கந்தகம் இருந்த இடத்தில் ஒக்சிஜன். அவ்வளவுதான், வெட்டும் வேலை நின்றுவிட்டது. அப்படி மாற்றப்பட்ட எலிகளுக்குத் தசைச்சிதைவு வந்தது. ஆனால் நொதியமே இல்லாத எலிகளின் அளவுக்குக் கடுமையாக வரவில்லை. வெட்டாத கத்தியும் இருக்கும் இடத்தில் ஏதோ ஒரு முட்டுக்கொடுக்கிறது என்று அதிலிருந்து விளங்கிக்கொண்டார்கள்.

இன்னொரு நொதியம், எஃப்.கே.ஆர்.பி. அதில் 276ஆம் இடத்து லியூசின் ஐசோலியூசினாக மாறுவது வட ஐரோப்பியரிடையே தசைச்சிதைவுக்கு ஒரு முக்கிய காரணம். லியூசினுக்கும் ஐசோலியூசினுக்கும் அணுக்களின் எண்ணிக்கைகூட ஒன்றுதான், கிளை முளைக்கும் இடம் மட்டும் வேறு. ஆகவே "எத்தனை மணி மாறியது" என்ற கேள்வியால் பயனில்லை. எந்த மணி, எந்த இடம், அந்த இடத்துக்கு என்ன வேலை என்று கேட்க வேண்டும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அறிக்கையின் இரண்டாம் பக்கம் உங்களைத் தேவையில்லாமல் பயமுறுத்தியிருக்கிறது. டிஸ்ஃபர்லின் என்ற வேறொரு பரம்பரையலகில் ஒரு பிரதியில் மட்டும் ஒரு மாற்றம், "பொருள் தெளிவற்றது" என்று போட்டிருக்கிறார்கள். தம்பிக்கு இரண்டு நோய் என்று நீங்கள் வாசித்துவிட்டீர்கள். அப்படி இல்லை. என்னை, உங்களை, தோட்டத்துத் துரையை, யாரைப் பரிசோதித்தாலும் இப்படிப் பல மாற்றங்கள் அகப்படும். பெரும்பாலானவை ஒன்றும் செய்வதில்லை. 490ஆம் இடத்து மாற்றத்தை நோய்க் காரணம் என்று ஆய்வுகூடம் துணிந்து எழுதியதற்கு ஆதாரம் உண்டு. இதே மாற்றம் வெவ்வேறு குடும்பங்களில், இதே நோயுள்ளவர்களிடம் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. உங்கள் தம்பியின் நடையும் தோளும் சி.கே.யும் அதோடு பொருந்துகின்றன. இரண்டாம் பக்கத்து மாற்றத்துக்கு அப்படி எதுவும் இல்லை. அதை மடித்து வைத்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் அந்த 490 என்ற எண்ணிலிருந்து யாராலும் சொல்ல முடியாது: எந்த வயதில் எவ்வளவு நடப்பார் என்பது. ஒரே மாற்றம் உள்ள உடன்பிறந்தவர்களே வேறு வேறு வேகத்தில் போவதைப் பார்த்திருக்கிறோம். நோய் தொடங்கிப் பத்து முதல் முப்பது ஆண்டுகளில் சக்கர நாற்காலி தேவைப்படலாம் என்பது பொதுவான அனுபவம். அந்த இடைவெளியின் அகலத்தைப் பாருங்கள். இணையத்தில் நீங்கள் வாசித்த "இருபதுகளில் உயிர் போய்விடும்" என்ற வரி டுஷேன் என்ற வேறு நோயைப் பற்றியது. கல்பெயின் வகையில் இதயம் பொதுவாகத் தப்பிவிடும், மூளைக்கு எந்தக் குறையும் இல்லை, ஆயுளும் பெரும்பாலும் குறைவதில்லை. டுஷேனுக்குக் கொடுக்கும் ஸ்டீரொயிட் மாத்திரையும் இதற்கு உரியது அல்ல. யாராவது எழுதிக்கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள்.

அப்பாயியின் குற்றச்சாட்டு

டுஷேன் நோய் பெரும்பாலும் தாய் வழியாக மகனுக்கு வருவது. உங்கள் வீட்டில் நடப்பது வேறு. சி.ஏ.பி.என்.3 இருப்பது 15ஆம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்). உங்கள் தம்பிக்கு உள்ள மாற்றத்தால் நோய் வர இரண்டு பிரதிகளும் பழுதாக வேண்டும், ஒன்று அம்மாவிடமிருந்து, ஒன்று அப்பாவிடமிருந்து. ஒரு பிரதி மட்டும் பழுதானவர் காவி. அவருக்கு நோய் இராது, தெரியவும் தெரியாது.

உங்கள் வம்சத்தை ஒரு தாளில் வரைந்து பார்த்தேன். அம்மாவின் அப்பாவும் அப்பாவின் அம்மாவும், அதாவது உங்கள் அப்பாயியும், கூடப்பிறந்தவர்கள். தம்பியின் இரண்டு பிரதிகளிலும் ஒரே மாற்றம் இருப்பதால், அது அந்த இருவரையும் பெற்ற பூட்டன் பூட்டியில் ஒருவரிடமிருந்து இரண்டு கிளையாக இறங்கியிருக்க வேண்டும் என்பதே மிகப் பொருத்தமான விளக்கம். ஒரு கிளை உங்கள் அம்மாவின் அப்பா. மற்றக் கிளை சாட்சாத் அப்பாயிதான்.

இதை வாசித்ததும் உங்கள் முகத்தில் வரும் சிரிப்பு எனக்குத் தெரிகிறது. தயவுசெய்து இதை ஆயுதமாக்க வேண்டாம். எழுபது வயதைத் தாண்டியவரை "உன் இரத்தம்தான்" என்று மடக்குவதில் அம்மாவுக்கு ஒரு நாள் நிம்மதி கிடைக்கும், வீட்டில் ஒரு வருடம் பேச்சு நிற்கும். "இரண்டு பக்கத்திலிருந்தும் வந்ததாம், டாக்டர் எழுதியிருக்கிறார்" என்ற அளவில் அப்பா சொல்லட்டும். அம்மா சொல்வதைவிட அவர் வாயால் வருவதற்கு எடை அதிகம்.

சொந்தத்தில் கட்டியதுதான் எல்லாவற்றுக்கும் காரணமா என்றால், அதற்கும் ஒரு கதை உண்டு. கல்பெயின்-3 பழுதானால் தசைச்சிதைவு வரும் என்பது 1995இல் கண்டுபிடிக்கப்பட்டது, இந்துமாகடலின் ரியூனியன் தீவிலுள்ள குடும்பங்களை ஆராய்ந்தபோது. நம் முன்னோர் இங்கே தேயிலைக்கு வந்ததுபோல அங்கே கரும்புக்குப் போன தமிழரும் உண்டு. ஆனால் ஆராயப்பட்ட குடும்பங்கள் ஐரோப்பிய வம்சாவளியினர், தீவின் ஒரு பகுதியில் தங்களுக்குள்ளேயே மணந்து வாழ்ந்தவர்கள். தசையின் கட்டுமானப் புரதம் அல்லாமல் ஒரு நொதியம் பழுதாகியும் இந்நோய் வரும் என்று தெரிந்தது அப்போதுதான். எல்லாருக்கும் ஒரே மூதாதையிடமிருந்து ஒரே விகாரம் (பரம்பரையலகில் ஏற்படும் மாற்றம்) வந்திருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். கிடைத்தவை குறைந்தது ஆறு வெவ்வேறு விகாரங்கள்! ஆக, விகாரங்கள் சொந்தத்தில் கட்டாதவர்களிடமும் உண்டு. சொந்தத் திருமணம் விகாரத்தை உண்டாக்குவதில்லை. ஒரே விகாரத்தின் இரண்டு பிரதிகள் ஒரு பிள்ளையிடம் சந்திக்கும் வாய்ப்பைத்தான் கூட்டுகிறது.

அத்தை மகன்

இப்போது உங்கள் கணக்கு. "எனக்கு சி.கே. சரி" என்பது நல்ல செய்தி, ஆனால் நீங்கள் நினைத்த செய்தி அல்ல. உங்களுக்கு நோய் இல்லை என்பதை அது சொல்கிறது. நீங்கள் காவி இல்லை என்பதைச் சொல்லவில்லை. காவிகளுக்கும் சி.கே. பொதுவாகச் சரியாகவே இருக்கும்.

பெற்றோர் இருவரும் காவி, உங்களுக்கு நோய் இல்லை. அப்படியானால் நீங்கள் காவியாக இருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. அத்தைக்கு அது அப்பாயியிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று, அத்தை மகனுக்கு நான்கில் ஒன்று. இருவரும் காவியாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. எல்லாவற்றையும் பெருக்கினால் 24இல் 1, நூற்றுக்கு நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தையின் கணவர் இரத்த உறவு இல்லாதவர் என்று நீங்கள் எழுதியதை நம்பிப் போட்ட கணக்கு இது.

ஆனால் இந்த 24இல் 1ஐ வைத்துக்கொண்டு கல்யாணத்தை முடிவு செய்ய வேண்டாம். அது தெரியாமையின் எண். குடும்பத்தின் விகாரம் எது என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டதால், உங்கள் இருவருக்கும் முழுப் பரிசோதனை வேண்டியதில்லை. அந்த ஒரே இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் தம்பிக்கு ஆனதைவிட மிகக் குறைவு. கண்டி கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவுக்குப் போகலாம். 1983இலிருந்து இயங்கும் பிரிவு அது, பரிசோதனைக்கு முன்னும் பின்னும் உட்கார வைத்துப் பேசுவார்கள். தம்பியின் அறிக்கையின் பிரதியைக் கொண்டுபோக மறக்க வேண்டாம். அது இல்லாமல் போனால் எந்த இடத்தைப் பார்ப்பது என்றே அவர்களுக்குத் தெரியாது.

உங்கள் இருவரில் ஒருவருக்காவது அந்த மாற்றம் இல்லை என்று வந்தால், இந்த நோயைப் பொறுத்தவரை கதவு ஏறக்குறைய மூடிவிட்டது. இருவருக்கும் இருந்தால் 24இல் 1 என்பது நான்கில் ஒன்றாகிவிடும், அது பெரிய எண். அப்போது இந்தத் திருமணம் வேண்டாம் என்று நீங்கள் இருவரும் முடிவெடுக்கலாம். மணந்து, பிள்ளை வேண்டாம் என்றோ தத்தெடுப்பதென்றோ தீர்மானிக்கலாம். தெரிந்தே துணியலாம், அப்படித் துணிந்தவர்களும் இருக்கிறார்கள். கர்ப்ப காலத்தில் பரிசோதித்துக்கொள்ளலாம் என்று உங்கள் தோழி சொன்னதில் ஒரு விஷயம் விடுபட்டிருக்கிறது. பரிசோதனை சாத்தியம், ஆனால் இலங்கைச் சட்டம் தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கு மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. இந்த நோய் அதற்குள் வராது. ஆகவே "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற எண்ணத்தில் மணவறை ஏற வேண்டாம். கருவை வெளியே உருவாக்கிச் சோதித்துக் கருப்பையில் வைக்கும் முறையும் உலகில் உண்டு, ஓர் ஆசிரியை சம்பளத்தில் அதை நினைக்க முடியுமா என்பது உங்களுக்கே தெரியும்.

இந்த ஒரு நோய்க்குப் பயமில்லை என்று வந்தாலும், சொந்தத்தில் மணப்பவர்களுக்கு வேறு மறைந்த நோய்கள் சந்திக்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடத்தான். யாருக்குப் பிறக்கும் குழந்தைகளிலும் நூற்றுக்கு இரண்டு மூன்றுக்கு ஏதோ ஒரு பிறவிக் குறை இருக்கும். மாமன் மகள், அத்தை மகன் என்ற அளவு நெருக்கத்தில் அதோடு இன்னும் இரண்டு மூன்று சேரும். இரண்டு தலைமுறையாகச் சொந்தம் தொடரும் உங்கள் வீட்டில் இன்னும் சற்றுக் கூடலாம். எதற்கும் இருவரும் தலசீமியா என்ற பரம்பரை இரத்தச்சோகைக்கான இரத்தப் பரிசோதனையையும் கையோடு செய்துகொள்ளுங்கள், நம் நாட்டில் யாரை மணந்தாலும் அது அவசியம்.

யாரிடம் காட்டுவது

மறைக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், கூடாது. அவரும் பரிசோதிக்க வேண்டும் என்பதால் மறைத்து ஆவதும் ஒன்றும் இல்லை. ஆனால் அத்தை வீட்டு முற்றத்தில் தட்டோடு வைத்துப் பேசும் விஷயமும் அல்ல இது. முதலில் அவரிடம் மட்டும், தனியாகச் சொல்லுங்கள். அவருடைய முடிவு அவருடையது, அதை வெளியிடும் உரிமையும் அவருக்கே. உங்களுடையது உங்களுக்கு. பெரியவர்களிடம் "பரிசோதித்தோம், பேசி முடிவெடுத்தோம்" என்பதற்கு மேல் சொல்ல வேண்டிய கடமை எதுவும் இல்லை.

இதற்கு முன் ஒரு படி இருக்கிறது, அதை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். அந்த அறிக்கை உங்கள் தம்பியுடையது. அவருக்கு 22 வயது. அதன் படத்தைக் கைப்பேசியில் எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள், நாளை அத்தை மகனுக்கும் அனுப்பப் போகிறீர்கள். அவரைக் கேட்டீர்களா? ஒன்பது பக்கத்திலும் அவர் கேட்ட கேள்வி ஒன்றுகூட இல்லை. கேட்டால் மறுக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். கேட்க வேண்டும்.

தம்பிக்கு

அவர் வீட்டிலிருந்தே கைப்பேசி திருத்துகிறார் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நல்ல தொழில். இந்த நோயில் இடுப்பும் தோளும்தான் முதலில் தளரும், விரல்கள் நெடுங்காலம் நன்றாக இருக்கும். மேசையின் உயரத்தை மட்டும் கவனியுங்கள், முழங்கை மேசையில் ஊன்றியிருக்க வேண்டும். கையைத் தூக்கிப் பிடித்து வேலை செய்தால் தோள் சீக்கிரம் களைத்துவிடும்.

படி ஏறுவதைப் பற்றியே எல்லாரும் கவலைப்படுகிறீர்கள். தசைக்கு அதிகச் சேதம் இறங்கும்போதுதான். மலையில் கீழே இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது, அந்த வகைச் சுமையை நலிந்த தசைநார் பொறுக்காது. அந்த 62 படிகளுக்கு ஒரு பக்கம் கைப்பிடி போட முடியுமா என்று தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். ஜீ.ஐ. குழாய் போதும். ஒரு நாளில் ஒரு தடவை இறங்கி ஏறினால் போதும்படி வேலைகளைச் சேர்த்து வையுங்கள். பளு தூக்கிப் "பலப்படுத்தும்" பயிற்சி வேண்டாம், படுத்துக் கிடப்பதும் வேண்டாம். சமதளத்தில் களைக்காத அளவு நடக்கட்டும். குதிகாலை நீட்டும் பயிற்சி காலையும் மாலையும் தவறக்கூடாது. திகன புனர்வாழ்வு வைத்தியசாலையில் பிசியோதெரபி பிரிவினர் ஒரு தடவை சொல்லிக்கொடுத்தால் வீட்டில் செய்துகொள்ளலாம். வருடத்துக்கு ஒரு முறை மூச்சளவு பார்க்க வேண்டும், உட்கார்ந்தும் மல்லாந்து படுத்தும். காலையில் தலைவலியோடு எழும்புவதாகச் சொன்னால் வருடம் முடியக் காத்திருக்க வேண்டாம்.

மரபணுச் சிகிச்சை பற்றி அவர் எங்கோ வாசித்திருப்பார். கல்பெயின் வகைக்கு அங்கீகரிக்கப்பட்ட மருந்து இதுவரை இல்லை. எலிகளில் நல்ல பிரதியைச் செலுத்திப் பார்த்தபோது தசை தேறியது, ஆனால் கல்பெயின் கத்தி இதயத்துக்குள்ளும் போய்ச் சேர்ந்து அதைப் பழுதாக்கியது. பிறகு இதயத்தில் மட்டும் அது வேலை செய்யாதபடி பூட்டுப் போடும் வழியைக் கண்டார்கள். வேலை நடக்கிறது. யாராவது இப்போதே பணம் கட்டச் சொன்னால் நம்ப வேண்டாம்.

பிரதேச செயலகத்தில் மாற்றுத்திறனாளியாகப் பதிவு செய்யுங்கள். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வேலையிலும் கல்வியிலும் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. அரச வேலை வெற்றிடங்களில் 3 சதவீதத்தை ஒதுக்கச் சொல்லும் 1988ஆம் ஆண்டின் பொது நிர்வாகச் சுற்றறிக்கையும் இருக்கிறது. உயர்தரம் சித்தியடைந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள், விண்ணப்பப் படிவத்தை அவர் கையிலேயே கொடுங்கள்.

பல்லைப் பிடுங்கலாம். ஈறில் ஊசி போட்டு மரக்கச் செய்து பிடுங்குவதற்கு இந்த நோய் தடையில்லை. முழு மயக்கம் கொடுப்பதாக இருந்தால் மட்டும், தசைச்சிதைவு இருக்கிறது என்று மயக்க மருந்து வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சக்சினைல்கோலின் என்ற தசை தளர்த்தும் மருந்தையும் சில மயக்க வாயுக்களையும் அவர் தவிர்ப்பார். இந்த இரண்டு வரிகளையும் ஒரு அட்டையில் எழுதித் தம்பியின் அடையாள அட்டையோடு வைத்துவிடுங்கள். வலியோடு இருக்கிறார் என்றால் இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள்.